பழவேற்காட்டில் படமெடுக்க எந்த லென்ஸ் வாங்கலாம்?

குளிர்காலம் வந்தால் பழவேற்காடு ஏரிக்குப் பூநாரைகள் வந்துவிடும். அவற்றைப் படமெடுக்கக் கேமராவோடு ஆட்களும் வந்துவிடுவார்கள். பழைய பிலிம் கேமரா ஒன்றை வாங்கி, புதிதாகப் பழகுபவருக்கும் அந்த ஆசை வரும். உடனே பெரிய லென்ஸ் தேடத் தோன்றும். பணத்தை எடுப்பதற்கு முன் சின்னதாக ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

பூநாரையின் உயரம் சுமார் 130 செ.மீ. 100 மீட்டர் தள்ளி நிற்கும் பறவை, 50 மி.மீ. லென்ஸில் எடுத்தால் பிலிமில் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. 135 மி.மீ. லென்ஸில் 2 மி.மீ.யைத் தொடாது. 300 மி.மீ. போட்டாலும் 4 மி.மீ.தான். பிலிமின் உயரமோ 24 மி.மீ.! கைப்பணம் முழுவதும் கரைந்தாலும் பறவை சின்னப் புள்ளியாகத்தான் இருக்கும்.

ஆனால், கைக்கெட்டும் தூரத்தில் ஏரிக்கரையில் எவ்வளவோ இருக்கிறது. 'பாடு' முறைப்படி முறை வைத்து ஏரியில் வலை கட்டும் மீனவர்கள், தண்ணீரில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்கள், எலும்புக்கூடு செதுக்கிய வாயிலோடு நிற்கும் டச்சுக் கல்லறை... இதற்கெல்லாம் 50 மி.மீ., எஃப் 1.8 லென்ஸ் ஒன்றே போதும். பழைய லென்ஸ்களில் மலிவாகக் கிடைப்பவற்றில் இதுவும் ஒன்று. எஃப் 3.5 ஜூம் லென்ஸைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். விடியலில் படகு கிளம்பும் நேரத்தில் அது பெரிய உதவி.

வாங்கும்போது இரண்டைக் கவனியுங்கள்.

மவுன்ட்: கேமராவில் லென்ஸ் பொருந்தும் வளையம் இது. பென்டாக்ஸ் கே1000 கேமராவுக்கு 'கே' மவுன்ட் வேண்டும். கேனானில் பழைய எஃப்.டி. லென்ஸ், 1987-ல் வந்த இ.ஓ.எஸ். கேமராக்களில் நேரடியாகப் பொருந்தாது.

பூஞ்சை: லென்ஸின் ஒரு பக்கம் செல்போன் டார்ச்சை அடித்து, மறுபக்கம் பாருங்கள். சிலந்தி வலைபோல வெள்ளை இழைகள் தெரிந்தால், விலை எவ்வளவு குறைவானாலும் வேண்டாம்.

ஏரிக்காற்றில் ஈரமும் உப்பும் அதிகம். வீடு திரும்பியதும் கேமராவை மென்மையான துணியால் துடைத்து, சிலிக்கா ஜெல் பைகளோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். தோல் உறைக்குள்ளேயே விட்டால் ஈரம் தங்கி, பூஞ்சை பிடிக்கும்.

லென்ஸில் மிச்சமாகும் பணத்தை பிலிமுக்கும் கழுவும் செலவுக்கும் ஒதுக்கலாம். ஒரு ரோலில் 36 படம்தான். அருகில் போய் எடுக்கும் லென்ஸ் என்பதால், முதலில் பேசி அனுமதி கேட்டாக வேண்டும். அடுத்த முறை போகும்போது, படத்தில் இருப்பவருக்கு ஒரு பிரின்ட் கொண்டுபோய்க் கொடுங்கள். அடுத்த ரோலுக்கு அவரே வழிகாட்டுவார்.