பாட்டுக்கு ஒரு படம்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

கலைகள் அறுபத்து நான்கு என்று நம் முன்னோர் கணக்கிட்டு வைத்தனர். அந்தக் கணக்குப் போட்ட நாளில் காமிரா இல்லை, ஒலிப்பதிவு இல்லை, மின்சாரமும் இல்லை. அறிவியல் வளர வளரக் கலைகளின் எண்ணிக்கையும் வளர்ந்துகொண்டே போகிறது. அவ்வாறு சென்ற அறுபது ஆண்டுகளில் மேலைநாடுகளில் வளர்ந்த இரு கலைகள் பாட்டுப் படமும் ஆடைப் படமும் ஆகும். இவை பெரும்பாலும் மூன்று நான்கு நிமிடங்களில் முடிந்துவிடும் சின்னஞ்சிறு படங்கள். ஆயினும் இவற்றுள் சிறந்தவற்றைப் பார்க்கும்போது, நம் ஆய்வுக்கூடத்தில் படிக்கும் பாடங்களே உயிர்பெற்று ஆடுவதுபோல் தோன்றும்.

இப்படங்களைப் பற்றி நம்மிடையே ஓர் எண்ணம் உண்டு. விலையுயர்ந்த கருவிகளும் கொட்டிக்கிடக்கும் பணமும் உள்ளவர்களுக்கே இக்கலை கைவரும் என்பதே அது. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குள் அடியெடுத்து வைத்த முதல் ஆள் நான். “இதெல்லாம் நமக்கு இல்லை” என்ற எண்ணம் எவ்வளவு எளிதாக மனத்தில் குடியேறிவிடும் என்பதை நான் நன்கு அறிவேன். அது எந்த அளவுக்கு உண்மை என்பதைச் சில நல்ல படங்களைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பாட்டுப் படம் என்பது யாது?

நமக்குப் பாட்டும் புதிதல்ல, படமும் புதிதல்ல. ஆனால் நம் திரைப்படங்களில் பாட்டு கதையின் நடுவே வருகிறது. பாட்டுப் படத்துக்குக் கதை வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒரு குழுவினர் ஒரு பாட்டை இசைத்தட்டாக வெளியிடுகின்றனர். அந்த ஒரு பாட்டுக்காகவே தனியாக ஒரு படம் எடுக்கப்படுகிறது. படத்துக்காகப் பாட்டு என்பது நம் வழக்கம். பாட்டுக்காகப் படம் என்பது அவர்கள் வழக்கம்.

இதன் பிறப்பில் வாணிகம் கலந்திருப்பதை மறைக்க வேண்டியதில்லை. இசைத்தட்டு விற்பதற்கு இது ஒரு விளம்பரம். 1981 ஆகஸ்டு 1ஆம் நாள் அமெரிக்காவில் எம்.டி.வி. என்னும் தொலைக்காட்சி தொடங்கியது. அந்நாளில் அது இரவும் பகலும் பாட்டுப் படங்களையே காட்டியது. அதில் முதலாவதாக வந்த பாட்டின் தலைப்புக்கு ‘வானொலி நட்சத்திரத்தை வீடியோ கொன்றுவிட்டது’ என்று பொருள்! ஆனால் விளம்பரத்துக்காகத் திறந்த அந்த வாசல் வழியே ஓவியர்களும், பொம்மைப் படம் எடுப்போரும், பெரிய நிறுவனங்களின் போக்கை ஏற்காத இளைஞர்களும் உள்ளே நுழைந்தனர். மாற்றுப் பண்பாட்டினர் என்று இவர்களைக் கூறலாம். இவர்கள் அந்த மூன்று நிமிடத்தைத் தங்கள் சோதனைக்கூடமாக ஆக்கிக்கொண்டனர்.

ஒரு சந்தும் சில அட்டைகளும்

எம்.டி.வி. தோன்றுவதற்குப் பதினாறு ஆண்டுகளுக்கு முன்பே, 1965இல், லண்டன் மாநகரின் சவாய் ஓட்டலுக்குப் பின்புறம் உள்ள ஒரு சந்தில் அமெரிக்கப் பாடகர் பாப் டிலன் நின்றார். அவர் கையில் ஓர் அடுக்கு அட்டைகள். பாட்டு ஒலிக்கிறது, அவர் வாயசைக்கவில்லை. பாட்டின் சொற்கள் எழுதிய அட்டைகளை ஒவ்வொன்றாகக் காட்டிவிட்டுக் கீழே போடுகிறார். ஒரு மூலையில் கவிஞர் ஆலன் கின்ஸ்பெர்க் யாருடனோ பேசிக்கொண்டு நிற்கிறார். அவ்வளவுதான் படம்! காமிரா இடம் மாறவில்லை. வெட்டி ஒட்டவும் இல்லை. டி. ஏ. பென்னிபேக்கர் எடுத்த ‘டோன்ட் லுக் பேக்’ என்னும் ஆவணப்படத்தின் தொடக்கமாக 1967இல் இது வெளிவந்தது. சில அட்டைகளில் வேண்டுமென்றே எழுத்துப் பிழைகள் உள்ளன. காதில் விழுவது ஒன்று, கண்ணில் படுவது ஒன்று என்றிருப்பதால் பார்ப்பவர் கண்ணை எடுக்க முடிவதில்லை. செலவு என்று பார்த்தால் அட்டையும் மையும் கொஞ்சம் பிலிமும்தான்.

பிலிம் சுருளில் ஒரு கணக்கு

டெரிக் ஜார்மன் என்னும் ஆங்கிலேயர் லண்டனில் ஓவியம் பயின்றவர். பெரிய காமிராவுக்கு வழியில்லாத நாட்களில், வீட்டு விழாக்களைப் படமெடுக்கப் பயன்படும் ‘சூப்பர் 8’ என்னும் சிறிய காமிராவை எடுத்துக்கொண்டார். அந்தப் பிலிம் சுருளில் ஏறக்குறைய 3,600 படங்கள் அடங்கும். விநாடிக்கு 18 படம் என்ற வழக்கமான வேகத்தில் ஓடினால் 200 விநாடிகளில், அதாவது மூன்று நிமிடம் இருபது விநாடியில், சுருள் தீர்ந்துவிடும். ஜார்மன் விநாடிக்கு 3 முதல் 6 படங்கள் என்ற வேகத்தில் எடுத்தார். 6 என்று கொண்டாலும் அதே சுருள் பத்து நிமிடம் வரும்!

இது வெறும் சிக்கனத்தோடு நிற்கவில்லை. எடுத்த அதே மெதுவான வேகத்தில் திரையில் ஓட்டியபோது, அசைவுகள் தொடர்ச்சியாக இல்லாமல் துடித்துத் துடித்து நகர்ந்தன. கனவில் காண்பதுபோன்ற தோற்றம் உண்டாயிற்று. பிலிமை மிச்சப்படுத்தப் போட்ட கணக்கே ஜார்மனின் நடையாகிவிட்டது. இவர் 1986இல் ‘த ஸ்மித்ஸ்’ குழுவின் மூன்று பாட்டுகளுக்குச் சூப்பர் 8 காமிராவிலேயே படமெடுத்தார்.

நாளொன்றுக்கு இருபத்தேழு ஓவியங்கள்

திரையில் அசைவு என்பது ஒரு மயக்கமே. விநாடிக்கு 24 அல்லது 25 அசையாப் படங்களை அடுத்தடுத்துக் காட்டினால், நம் கண்ணும் மூளையும் அவற்றை ஓர் அசைவாக எடுத்துக்கொள்கின்றன. ஆகவே, ஒரு பொருளைச் சிறிது நகர்த்தி ஒரு படம், மேலும் சிறிது நகர்த்தி ஒரு படம் என்று எடுத்தால், உயிரற்ற பொருளையும் ஆடவைக்கலாம்.

1986இல் வந்த பீட்டர் கேப்ரியலின் ‘ஸ்லெட்ஜ்ஹாமர்’ இம்முறைக்குப் புகழ்பெற்ற சான்று. ஸ்டீபன் ஜான்சன் இயக்கிய இப்படத்தில் பிரிஸ்டல் நகரின் ஆர்ட்மன் கலைக்கூடத்தாரும் குவே சகோதரர்களும் பணியாற்றினர். பாடகர் ஒரு கண்ணாடித் தகட்டின் கீழே 16 மணி நேரம் படுத்துக் கிடந்தார். அவர் முகத்துக்கு மேலே பொருள்களை ஒவ்வொரு படத்துக்கும் சிறிது சிறிதாக நகர்த்தினார்கள். பின்னாளில் ஆஸ்கர் பரிசுகள் பெற்ற நிக் பார்க் அன்று செய்த வேலை, உரித்த இரண்டு கோழிகளை நடனமாட வைத்தது! 1987இல் எம்.டி.வி. விருதுகளில் ஒன்பது இப்படத்துக்குக் கிடைத்தன.

நார்வே நாட்டு ‘அஹா’ குழுவின் ‘டேக் ஆன் மீ’ இன்னொரு வகை. இப்பாட்டு 1984இல் முதலில் வெளிவந்தபோது எடுபடவில்லை. 1985இல் ஸ்டீவ் பேரன் புதிதாக ஒரு படம் எடுத்தார். படக்கதைப் புத்தகத்திலிருந்து ஓர் இளைஞன் கையை நீட்டி, படித்துக்கொண்டிருக்கும் பெண்ணை உள்ளே அழைக்கிறான். உள்ளே சென்றதும் அவளும் பென்சில் கோடுகளாக மாறிவிடுகிறாள். நடிகர்களை முதலில் படமெடுத்து, அந்தப் படங்களின் மேல் ஒவ்வொன்றாகக் கையால் வரையும் முறை இது. இதற்கு ரோட்டோஸ்கோப் என்று பெயர். மைக்கேல் பேட்டர்சன், கேண்டஸ் ரெக்கிங்கர் ஆகிய இருவர் சுமார் 3,000 படங்களை 16 வாரங்களில் வரைந்து முடித்தனர். ஒரு நாள்கூட ஓய்வின்றி வரைந்திருந்தாலும் நாளொன்றுக்கு இருபத்தேழு ஓவியங்கள்! பாட்டைக் கேட்டவர் கோடி; வரைந்த கைகளின் பெயரை அறிந்தவர் சிலரே.

இரயில் சன்னலில் ஒரு வரைபடம்

மிஷேல் கோந்த்ரி என்னும் பிரெஞ்சுக்காரர் ஒரு சிறு குழுவில் முரசு வாசித்தவர். தம் குழுவின் பாட்டுகளுக்குத் தாமே படமெடுத்தார். அவற்றுள் ஒன்றைக் கண்ட ஐஸ்லாந்துப் பாடகி பியோர்க், 1993இல் தம் ‘ஹியூமன் பிஹேவியர்’ பாட்டுக்குப் படமெடுக்க இவரை அழைத்தார்.

2002இல் கெமிக்கல் பிரதர்ஸ் குழுவின் ‘ஸ்டார் கிட்டார்’ பாட்டுக்கு இவர் எடுத்த படத்தில் மனிதர் யாரும் பாடவில்லை, ஆடவில்லை. ஓடும் இரயிலின் சன்னல் வழியே தெரியும் காட்சிதான் படம் முழுவதும். கம்பங்கள், கட்டடங்கள், பாலங்கள் கடந்து போகின்றன. சற்று நேரம் கழித்துத்தான் நமக்கு உறைக்கிறது: ஒவ்வொரு தாளத்துக்கும் ஒரு பொருள் கடக்கிறது! ஒரு புது ஓசை நுழைந்தால் அதற்கென ஒரு கட்டடம் வருகிறது. அந்த ஓசை திரும்ப வந்தால் அந்தக் கட்டடமும் திரும்ப வருகிறது. நீம், வாலான்ஸ் நகரங்களுக்கிடையே பல வேளைகளில் பயணம் செய்து சிறு காமிராவில் எடுத்த காட்சிகளைக் கணினியில் கோத்து இதை அமைத்தார். அதற்குமுன் அவர் திட்டமிட்டது எதைக் கொண்டு தெரியுமா? கிராஃப் தாளும், வரிசையாக அடுக்கிய ஆரஞ்சுப் பழம், முள்கரண்டி, கண்ணாடிக் குவளை, காலணி ஆகியவையும்தான். கிடை அச்சில் காலத்தைக் குறித்து நாம் வரையும் வரைபடத்துக்கும் இதற்கும் அடிப்படையில் வேறுபாடு இல்லை.

ஆடைப் படமும் ஆவியும்

நிழற்படம் ஆடையை அசையாமல் நிறுத்திவிடுகிறது. உடுத்தி நடக்கும்போது துணி எப்படி விழுகிறது, எப்படிச் சுழல்கிறது என்பதைக் காட்டச் சலனப் படமே தக்கது. விலையையும் கடையையும் சொல்லாமல் ஆடையின் அசைவையே பொருளாகக் கொள்வது ஆடைப் படம். நிக் நைட் என்னும் நிழற்படக் கலைஞர் இத்தகைய படங்களுக்கென்றே 2000இல் லண்டனில் ‘ஷோஸ்டூடியோ’ என்னும் இணையதளத்தைத் தொடங்கினார்.

இத்துறையில் மறக்க முடியாத ஒரு காட்சி 2006இல் பாரிஸில் நடந்தது. அதை அமைத்தவர் அலெக்சாண்டர் மக்வீன். லண்டன் வாடகைக் கார் ஓட்டுநர் ஒருவரின் மகன். ஆறு பிள்ளைகளில் கடைசி. பதினாறு வயதில் பள்ளியை விட்டுத் தையற்கடையில் தொழில் பழகியவர். அவருடைய ஆடைக் காட்சியின் முடிவில், மேடை நடுவே இருந்த கண்ணாடிப் பிரமிடுக்குள் வெண்புகைபோல் ஏதோ தோன்றியது. அது சுழன்று சுழன்று, மெல்லிய ஆடை அலைபாயும் ஒரு பெண்ணுருவாயிற்று. பிறகு கரைந்து மறைந்தது. அவ்வுருவம் கேட் மாஸ் என்னும் விளம்பர அழகி. ஆனால் அவர் அங்கே இல்லை!

இதன் இரகசியம் நம் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. இரவுப் பேருந்தில் சன்னல் கண்ணாடியில் நம் முகம் வெளியே இருட்டில் மிதப்பதைப் பார்த்திருப்போம். கண்ணாடி ஒளியின் ஒரு பகுதியை ஊடுருவ விட்டு ஒரு பகுதியை எதிரொளிக்கிறது. மறைவான இடத்தில் வெளிச்சம் பட்ட உருவம் ஒன்றை வைத்து, மேடையில் ஒரு கண்ணாடியைச் சாய்த்து நிறுத்தினால், உருவத்தின் மாய பிம்பம் கண்ணாடிக்குப் பின்னால் காற்றில் நிற்பதுபோல் தெரியும். 1862இல் லண்டனில் இதைக் காட்டிய பேராசிரியரின் பெயரால் ‘பெப்பரின் ஆவி’ என்று இது வழங்குகிறது. உண்மையில் முதலில் இதை வகுத்தவர் ஹென்றி டிர்க்ஸ் என்னும் பொறியாளர். மக்வீன் மறைவில் நடிகரை நிறுத்தாமல் படத்தை ஓட்டினார். அப்படத்தை எடுத்த பெய்லி வால்ஷ், 1991இல் மாசிவ் அட்டாக் குழுவின் பாட்டுக்கு, பாடகி லாஸ் ஏஞ்சலஸ் தெருவில் நடந்துகொண்டே பாடுவதை ஒரே தொடர்காட்சியாக எடுத்தவர்.

பணமா, பொறுமையா?

இப்போது நம் கேள்விக்கு வருவோம். அமெரிக்காவின் ‘ஓகே கோ’ குழு 2006இல் ஒரே இடத்தில் ஓடிப் பழகும் எட்டு டிரெட்மில் இயந்திரங்களின் மேல் நடனமாடி, வெட்டாமல் ஒரே காட்சியாகப் படமெடுத்தது. இயக்கியவர் குழுத்தலைவரின் தமக்கை. நடந்த இடம் அவர் வீடு. அதற்கு 2007இல் கிராமி விருது கிடைத்தது. அதே குழு 2016இல் ரஷ்யாவில் ஒரு பெரிய விமானத்துக்குள் எடையற்ற நிலையில் மிதந்து இன்னொரு படம் எடுத்தது. எறிந்த கல் செல்லும் பரவளையப் பாதையில் விமானம் செல்லும்போது, அதுவும் உள்ளிருப்போரும் ஒரே முடுக்கத்தில் விழுகின்றனர். ஆகவே எடை தெரிவதில்லை. ஒரு முறைக்குச் சுமார் 27 விநாடிகளே அந்நிலை நீடிக்கும். அடுத்ததற்கு ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். எட்டு முறை மிதந்து, இடைவேளைகளை நீக்கி ஒரே ஆட்டமாக்கினர். இதற்காக 21 முறை பறந்தனர்.

முதல் படத்துக்குச் செலவு மிகக் குறைவு. இரண்டாவதற்கு மிக அதிகம். ஆயினும் இரண்டையும் தாங்கி நிற்பது ஒன்றே. முதலில் ஒரு விதியை வகுத்துக்கொள்கிறார்கள்: வெட்டக் கூடாது, இரயில் சன்னலை விட்டு விலகக் கூடாது, வாயசைக்கக் கூடாது என்று. பின்பு அந்த விதிக்குக் கடைசிவரை கட்டுப்படுகிறார்கள். புதுமை அந்தக் கட்டுப்பாட்டிலிருந்து பிறக்கிறது.

பொறுமை இருந்தால் போதும் என்று சொல்லி முடித்துவிடுவதும் நேர்மையாகாது. பொறுமைக்கும் விலை உண்டு. பதினாறு வாரம் வரைவதற்கு அத்தனை வாரமும் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். நம்மில் பலர் மாலையில் வேலைக்குச் செல்பவர்கள். விடுமுறையில் கூலிக்குச் செல்பவர்கள். ஆகவே, விதியை நம் வசதிக்கேற்ற அளவில் வகுத்துக்கொள்வதே அறிவுடைமை. டிலனின் சந்துப் படம் ஏறக்குறைய இரண்டு நிமிடம்தான். ஜார்மன் தம்மிடமிருந்த ஒரு சுருளின் அளவுக்கே கணக்குப் போட்டார். தையற்கடையில் ஊசி பிடித்த கைதான் அந்தக் கண்ணாடிப் பிரமிடையும் எண்ணிப் பார்த்தது.

நம் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் கண்ணாடித் தகடு உண்டு, விளக்கு உண்டு, இன்று பலரின் சட்டைப்பையிலேயே காமிராவும் உண்டு. வரும் ஆண்டு விழாவில் தமிழ்த் துறையார் ஒரு பாட்டு எழுதித் தரட்டும், இசைமன்றத்தார் பாடட்டும், பெப்பரின் ஆவியை மேடையேற்றும் பொறுப்பை நாம் ஏற்போம். பேராசிரியப் பெருமக்கள் ஆய்வுக்கூடத்தின் சாவியை மாலையில் ஒரு மணி நேரம் தந்தால் போதும்!