ஹீலா அணுக்களின் குலம் எது?

மனித தேகத்திலிருந்து எடுத்துச் சோதனைச்சாலையில் வளர்க்கப்படும் ஜீவ அணுக்களை எந்த வர்க்கத்தில் சேர்ப்பது? அவை மனித இனந்தானா, அல்லது மனிதனை விட்டுப் பிரிந்து தனி ஜந்துவாகிவிட்டனவா? இது வீண் விதண்டாவாதம் என்று நேயர்கள் எண்ணக்கூடும். அப்படித் தள்ளிவிடுவதற்கில்லை.

1951-ம் வருஷம் அமெரிக்காவில், பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரிக்கு ஹென்ரீட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்மணி கருப்பைக் கழுத்துப் புற்றுநோயுடன் வந்தார். அவருடைய கட்டியிலிருந்து, ஆராய்ச்சிக்கென்று அவர் சம்மதத்தைக் கேளாமலே, ஒரு சிறு துணுக்கு வெட்டியெடுக்கப்பட்டது. அவ்வருஷம் அக்டோபரில் 31-வது வயதில் அம்மாது காலமானார். டாக்டர் ஜார்ஜ் கய்யின் சோதனைச்சாலையில் அந்தத் துணுக்கோ மாளவில்லை, பெருகிக்கொண்டே போயிற்று. அவர் பெயரின் எழுத்துக்களைக் கொண்டே அதற்கு ‘ஹீலா’ என்று பெயரிட்டார்கள். போலியோ தடுப்பு மருந்தின் பரீட்சைக்கு அது பெரிதும் உதவியது.

1991-ல் லே வான் வாலன், வர்ஜீனியா மயொரானா என்னும் இருவர், ஹீலா தனி இனமே என்று தீர்மானித்து, ‘ஹீலாசைட்டன் கார்ட்லெரி’ என்று நாமகரணமும் செய்தார்கள். வான் வாலன் தாமே ஆசிரியராயிருந்த பத்திரிகையில் அது வெளிவந்தது. சொந்தப் பத்திரிகை இருப்பதில் உள்ள சௌகரியத்தை நாமும் அறிவோம்!

அவர்கள் வாதம் அற்பமானதன்று. மனித அணுவில் குரோமோசோம்கள் 46. ஹீலாவிலோ பெரும்பாலும் 76 முதல் 80 வரை. அது தானே பெருகுகிறது. ஆராய்ச்சிக்காரர்கள் விரும்பாவிடினும் பிற பாத்திரங்களில் புகுந்து ஆக்கிரமித்துக் கொள்கிறது. ஆயினும் சோதனைச்சாலையின் போஷணையும் உஷ்ணமும் நின்றால் அதன் கதி என்ன? நாய்களிடையே ஒரு தொற்றுக்கட்டி, மனிதர் தயவின்றியே, ஆயிரக்கணக்கான வருஷங்களாக நாய்விட்டு நாய் தாவி வாழ்கிறது. தனி ஜந்துப் பட்டத்துக்கு மனுப்போட அதற்கே அதிக நியாயம் உண்டு. பெரும்பாலான விஞ்ஞானிகள் இப்புதிய பெயரை ஏற்கவில்லை.

இவ்வாதத்தைக் கவிழ்க்க அவர்கள் சூட்டிய பெயரே போதுமென்பது நமது அபிப்பிராயம். ‘கார்ட்லெரி’ என்பது ஸ்டான்லி கார்ட்லரைக் கௌரவிக்கும் பெயர். வெவ்வேறு மனிதரிடமிருந்து வந்தவையெனக் கருதப்பட்ட 18 அணு வரிசைகளில் ஹீலா புகுந்துவிட்டதென்று 1966-ல் வெளியிட்டவர் அவர். எதைக் கொண்டு கண்டார்? ஆப்பிரிக்க வம்சாவளியினரிடமே பெரும்பாலும் காணப்படும் ஒரு என்ஸைமின் ரூபம் அந்த 18-லும் இருந்தது. ஹென்ரீட்டாவின் முன்னோர் அளித்த அடையாளம் அது! குலத்தைக் கொண்டு கண்டுபிடித்தவரின் பெயராலேயே குலத்தினின்று விலக்கிவைப்பது என்ன நியாயம்?

தனி இனமென்று ஒப்புக்கொண்டால், லாக்ஸ் குடும்பத்தாருக்கு இவ்விஷயத்தில் வாய் திறக்கவே பாத்தியதை இல்லாமற் போகும். 2013-ல் ஜெர்மனியில் விஞ்ஞானிகள் சிலர் ஹீலாவின் மரபணு வரிசையை அக்குடும்பத்தாரைக் கேளாமல் பிரசுரித்தார்கள். தங்கள் தேகத்தின் ரகசியங்களும் அதனால் வெளியாகுமென்று சந்ததியார் ஆட்சேபித்தனர். ஆட்சேபத்துக்கு ஆதாரம் இரத்தபந்தம் ஒன்றே. அதே வருஷம் ஆகஸ்டில் அமெரிக்கத் தேசிய சுகாதார நிலையம் அவர்களுடன் உடன்படிக்கை செய்துகொண்டது. அவ்வரிசையைப் பார்க்க விரும்புவோரின் மனுக்களைப் பரிசீலிக்கும் குழுவில் குடும்பத்தினர் இருவருக்கு ஸ்தானம் அளிக்கப்பட்டது.