முகட்டுக்கு அப்பால் கோபுரம்

வெலிங்டனிலிருந்து எழுதும் வாசகர் ஒருவர், தம் வீட்டு வாசலில் நன்றாகப் பேசும் கைப்பேசி அடுக்களைக்குள் போனதும் ஊமையாகிவிடுவதாகவும், புதிய போனும் புதிய சிம் கார்டும் வாங்க உத்தேசித்திருப்பதால் எந்தக் கம்பெனி உத்தமம் என்று சொல்லும்படியும் கேட்டிருக்கிறார். முழுப்பக்க 5ஜி விளம்பரங்களைப் படித்துவிட்டு இதற்கு விடை சொல்லத் துணிபவர் சமவெளிக்காரராகத்தான் இருக்க வேண்டும். குன்னூருக்கும் அரவங்காட்டுக்கும் நடுவே, ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரத்தில், மேடும் பள்ளமுமாகக் கிடக்கும் அந்தக் கன்டோன்மென்ட் ஊரில், கம்பெனியின் கீர்த்தியைவிட, வீட்டுக்கும் கோபுரத்துக்கும் குறுக்கே நிற்கும் முகட்டுக்கே அதிகாரம் அதிகம்.

கோபுரமே தென்படாத பள்ளத்திலும் போன் ஓரளவு பேசுகிறதே, அதுதான் விசேஷம். முகட்டின் விளிம்பைத் தொட்ட மின்காந்த அலை, அவ்விளிம்பையே புதிய பிறப்பிடமாகக் கொண்டதுபோல் மறுபுறத்து நிழலுக்குள்ளும் இறங்கிப் பரவுகிறது. பள்ளிப் புத்தகத்தில் விளிம்பு விளைவு என்று படித்தோமே, அதுவேதான். கோபுரத்தின் உச்சி முகட்டை உரசினாற்போலத் தெரியும் இடத்திலேயே சக்தியில் கால் பங்குதான் மிஞ்சுகிறது. அதற்குக் கீழே இறங்க இறங்க, அலைநீளம் குறைந்தவை முதலில் சோர்கின்றன. 43 சென்டிமீட்டர் அலைநீளமுள்ள 700 மெகாஹெர்ட்ஸ் அலையும், 13 சென்டிமீட்டரே உள்ள 2300 மெகாஹெர்ட்ஸ் அலையும் ஒரே பலத்தோடு முகட்டை அடைந்தாலும், ஆழ்ந்த நிழலில் முன்னது பின்னதைப்போல் மூன்று மடங்குக்கு மேல் எஞ்சுகிறது.

கோயில் மதிலுக்கு வெளியே நின்று உள்ளே நடக்கும் மேளத்தைக் கேட்டுப் பாருங்கள்: தவிலின் தொப்பி மதில் ஏறிக் குதித்து வந்துவிடும், நாயனம் பாதி வரும், ஜால்ரா வரவே வராது. 700 தொப்பி, 900 நாயனம், 2300 ஜால்ரா. சந்நிதிக்கு எதிரே அமர்ந்தவனுக்கு ஜால்ராவின் நுணுக்கமெல்லாம் கேட்கும் என்பதும் மெய்யே; அதிவேக இணையம் உயர் அதிர்வெண்களில்தான் தாராளமாகக் கிடைக்கிறது. ஜால்ராச் சத்தம்தானே எந்த மதிலையும் தாண்டிக் கேட்கிறது என்று அரசியல் அறிந்தவர்கள் ஆட்சேபிக்கலாம். அது பௌதிகத்துக்குப் புறம்பான விஷயம்.

சரித்திரமும் கொஞ்சம் வேண்டுமென்றால், கிரிமால்டி பதினேழாம் நூற்றாண்டில் கண்டதை பிரெனெல் 1818-இல் கணக்காக்கினார்; நம் சி. வி. ராமனின் முதல் ஆராய்ச்சிக் கட்டுரையும், 1906-இல் அவர் சென்னை மாநிலக் கல்லூரி மாணவராயிருந்தபோது, ஒளியின் விளிம்பு விளைவைப் பற்றியே வெளிவந்தது. இவ்வளவு போதும்.

ஆகவே கேட்க வேண்டியது எத்தனை ‘ஜி’ என்பதல்ல, எந்த அதிர்வெண் என்பதே. ஜியோ 2022 ஏலத்தில் 700 மெகாஹெர்ட்ஸை 5ஜிக்காக வாங்கிற்று, பி.எஸ்.என்.எல்.லின் 4ஜி 700-இலும் 2100-இலும் இயங்குகிறது. ஆனால் 700-க்குரிய 28-ஆம் பேண்டு இல்லாத போனுக்கு அது இருந்தும் இல்லாததே. கேமராவின் மெகாபிக்சலை விசாரிக்கும் நாம் பேண்டு ஜாபிதாவைப் புரட்டிப் பார்ப்பதில்லை.

நீலகிரியில் பழி பெரும்பாலும் மூடுபனியின் மேல் விழுகிறது. அதன் நீர்த்துளிகள் இவ்வலைநீளங்களுக்கு முன் அற்பத்திலும் அற்பமானவை. அலை அவற்றைப் பொருட்படுத்துவதேயில்லை. நனைந்த மரங்களின் இலைகளையும், மின்சாரம் நின்றபின் கோபுரத்தில் தீர்ந்துபோகும் பாட்டரியையும் சந்தேகிப்பதே நியாயம்.

செலவு விஷயத்தில் 28 நாளை மாதம் என்று கொண்டால் வருஷத்துக்குப் பதின்மூன்று மாதம் என்பதை மறக்கலாகாது. இணையம் வேண்டாத முதியோருக்கு, பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான திட்டங்கள் 2024 டிசம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் இட்ட உத்தரவின் பயனாக உண்டு. விளம்பரத்தில் அவற்றுக்கு இடமிராது, கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

கம்பெனிகள் தம் வலைத்தளத்தில் இட்டிருக்கும் கவரேஜ் வரைபடத்தை நம்பி மட்டும் முடிவு செய்யாதீர்கள். அது உங்கள் அடுக்களையை அறியாது. திரையில் தெரியும் கோடுகளுக்கும் பொதுவான அளவுகோல் கிடையாது. அண்டை வீட்டாரிடம் வெவ்வேறு கம்பெனி சிம் உள்ள போன்களை இரவல் வாங்கி, அமைப்புகளில் சிம் நிலை என்ற பக்கத்தில் டெசிபல் கணக்கைப் பாருங்கள்: மைனஸ் 110-ஐவிட மைனஸ் 100 பத்து மடங்கு பலம். எண்ணை மாற்றாமல் கம்பெனி மாற 1900-க்குக் குறுஞ்செய்தி அனுப்புவதே முதல் படி. ஆனால் மாறியபின் 90 நாள் அங்கேயே இருந்தாக வேண்டும் என்பதால், சோதனையை முன்னதாகவே முடித்துக்கொள்ளுங்கள்.