தாந்தாமலைக்கு ஒரு பகற்பயணம்

குருக்கள்மடத்துத் துறையில் நின்று மேற்கே நோக்கினால் வாவிக்கு அப்பால் அம்பிளாந்துறையின் தென்னைகள் தெரியும். வானம் தெளிந்த நாட்களில் அவற்றிற்கும் அப்பால் நீலக் கோடுகளாகச் சில குன்றுகள் தோன்றும். ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக இக்கரையில் வாழ்ந்தும் அக்குன்றுகளுள் ஒன்றின்மீதேனும் நான் கால்வைத்ததில்லை என்றால் வாசகர்கள் நகைப்பர். நகைக்கட்டும்.

ஞாயிறு எழும் பக்கத்தை எழுவான்கரை என்றும், படும் பக்கத்தைப் படுவான்கரை என்றும் நம் முன்னோர் அழகாகப் பெயரிட்டனர். போர்க்காலத்தில் அப்பெயர்கள் வேறு பொருள் கொண்டன. இக்கரை இராணுவத்திடமும் அக்கரை விடுதலைப் புலிகளிடமும் இருந்த ஆண்டுகளில், வாவியைக் கடப்பவன் இரு கரையிலும் தான் யாரென்று விளக்கவேண்டியிருந்தது. 2007இல் அந்நிலை மாறியது. 2014இல் மண்முனைத் துறையில் பாலமும் திறக்கப்பட்டது. அதன் பின்னும் நான் போகாதிருந்தமைக்குக் காரணம் சோம்பல்தான்.

அச்சோம்பலைக் கலைத்தவன் ஒரு மாணவன். தினைப்புனக் காவலை விளக்குகையில், இதணம் என்பது பரண் என்று பொருள் கூறினேன். "ஐயா, நீங்கள் ஒன்றையாவது கண்டிருக்கிறீர்களா?" என்றான். பண்டித வகுப்பில் படித்த நாள் முதல் குறிஞ்சியின் முதல், கரு, உரி மூன்றையும் தடையின்றி ஒப்புவிக்க வல்ல எனக்கு, அவ்வினாவுக்கு விடையில்லை. ஆகஸ்ட் விடுமுறையில் அவனையும் சேர்த்து உயர்தர வகுப்பு மாணவர் அறுவரோடு தாந்தாமலைக்குப் புறப்பட்டேன்.

அதிகாலையில் பாதையேறினோம். பாதை என்னும் சொல் எங்கள் பகுதியில் வழியை மட்டுமன்றி, ஆட்களையும் சைக்கிள்களையும் வாவி கடத்தும் மிதவையையும் குறிக்கும். அகராதி தொகுப்போர் கவனிப்பாராக. அக்கரையில் ஒரு மாணவனின் தாய்மாமன் உழவு இயந்திரப் பெட்டியில் எங்களை ஏற்றிச் சென்று, நடக்கத் தக்க தொலைவில் இறக்கிவிட்டார். கச்சான் காற்று எதிரே நின்று அனலாய் அடித்தது. அறுவடை முடிந்த வட்டைகளில் மாடுகள் மேய்ந்தன. வயல் ஒழிந்து பற்றைக்காடு தொடங்கிற்று. தொல்காப்பியர் முல்லையில் தொடங்கி நெய்தலில் முடிப்பார். நாங்கள் நெய்தலில் தொடங்கி, மருதத்தில் தேநீர் அருந்தி, முல்லையில் வியர்த்தோம்! காட்டோரத்துக் குடிசையொன்றில் இளம்பெண் ஒருத்தி செம்பில் தண்ணீர் தந்தாள். வாய்திறந்து ஒரு சொல்லும் அவள் பேசவில்லை.

தாந்தாமலை என்பது மலையன்று, பெரும் பாறைக்குன்று. அடியில் முருகன் கோயில். ஆடித் திருவிழாக் கூட்டம் கலைந்து, வளாகம் ஓய்ந்திருந்தது. வெறுங்காலுடன் ஏறிய மாணவர் பாறைச் சூட்டில் துள்ளினர். செருப்பைக் கழற்றச் சொன்ன நானும் துள்ளினேன். உச்சியில் நின்றபோது கிழக்கே வயல்களும் குளங்களும், மேற்கே முடிவற்ற காடும் விரிந்தன. அருவியில்லை, குளிரில்லை, குறிஞ்சிப் பூவுமில்லை. குறிஞ்சிக்குரியவற்றுள் முருகன் ஒருவனே எங்களுக்குக் கிட்டினான்.

பரண் கிட்டியது இறங்கி வரும் வழியிலேதான். வாழைத் தோட்டத்து ஓரத்தில், மரக்கவட்டில் நான்கு தடிகளைக் கட்டி, மேலே ஓலை வேய்ந்திருந்தார்கள். "ஐயா, இதணம்!" என்று கூவினான், வினாவெழுப்பிய மாணவன். கீழே அமர்ந்திருந்த முதியவரிடம், "அப்பு, இது கிளி ஓட்டவா?" என்றும் கேட்டான். குற்றம் என்னுடையது. குறிஞ்சிப்பாட்டிலே கிளி கடியும் கருவிகளாகக் கபிலர் காட்டும் தழல், தட்டை, குளிர் என்பவற்றை நான்தான் மனப்பாடம் செய்வித்திருந்தேன்.

"கிளிக்கு ஆரு மனே பரண் கட்டுவான்? ஆனைக்குத்தான்" என்றார் அவர். நெளிந்த தகரம், டார்ச் விளக்கு, யானைவெடி இவையே அவருடைய கருவிகள். "வெள்ளாமை இல்லாத நாளிலயும் வாழைக்கும் தென்னைக்கும் வருது வாத்தியார்" என்று, இடிந்து கிடந்த தம் வீட்டுச் சுவரைக் காட்டினார். யானையைக் களிறு என்றும் வேழம் என்றும் சுவைபடச் சொல்லிச் சொல்லி வகுப்பை மகிழ்வித்தவன் நான். அச்சுவரின் முன்னே அச்சொற்கள் எனக்கு எழவில்லை. அவர் குரலைத் தாழ்த்தினார். "வழியில தண்ணி தந்த பிள்ளைட புருசன் போன மாரிக்குக் காவலுக்குப் போனவன். விடியத்தான் கண்டெடுத்தம்."

அதன்பின் மாணவர் எவரும் துள்ளவில்லை. அக்குடிசையைக் கடந்தபோது கதவு சாத்தியிருந்தது.

மாலைப் பாதையில் அம்மாணவன் என்னருகே வந்து நின்றான். "ஐயா, காவலுக்குப் போனவன் திரும்பாவிட்டால் அது எந்தத் திணை?" என்றான். "பிரிவுதானே, பாலை" என்றான் பக்கத்தில் நின்றவன். "பிரிந்தவன் வருவான் என்றிருந்தால்தானே பாலை" என்று அவன் மறுத்தான்.

காட்டு வழியில் கணவனை இழந்தவள் தனித்திருந்து புலம்புவதற்கு முதுபாலை என்றொரு துறை உண்டு. ஆண்டுதோறும் அதை நான் ஒரே வரியில் கற்பித்துக் கடந்திருக்கிறேன். அப்பெயர் நாவின் நுனிவரை வந்தது. செம்பை நீட்டிய கை கண்முன் நின்றது.

"வகுப்பில் சொல்கிறேன்" என்றேன். பாதை கரை தட்டிற்று.