‘டக்’ சத்தம் கேட்கிறதா?

சிம்பாங் பூலாயில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, கேமரன் மலைப் பக்கம் காடியைத் திருப்புகிறீர்கள். மத்தியான வெயில். முன்னால் சுண்ணாம்புக் கல் ஏற்றிய லோரி ஊர்கிறது. காலையில் ஜில்லென்றிருந்த ஏர்கோன் இப்போது அனலாய் ஊதுகிறது. “கம்ப்ரெசர் போச்சு” என்று நீங்களே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். ‘காலையில் ஓடியது, மத்தியானம் நின்றது’ என்பது நல்ல துப்பு.

கம்ப்ரெசர் ஒரு பம்பு. குளிர்வாயுவை அழுத்தி, முன்பக்கக் கண்டென்சருக்குத் தள்ளுகிறது. இஞ்சின் ஓடும்வரை அதன் கப்பியைப் பெல்ட் சுற்றிக்கொண்டே இருக்கும். உள்ளிருக்கும் தண்டு சுற்றாது. ஏர்கோன் பொத்தானை அமுக்கினால்தான், கப்பிக்குப் பின்னாலுள்ள கம்பிச்சுருளில் மின்சாரம் பாய்ந்து அது காந்தமாகி, முன்னாலிருக்கும் தட்டை ‘டக்’கென்று இழுத்துக் கப்பியோடு ஒட்டவைக்கிறது. இதுதான் கிளட்ச். தட்டுக்கும் கப்பிக்கும் இடைவெளி அரை மில்லிமீட்டர் அளவுதான். வருடக்கணக்கில் தேய்ந்து இடைவெளி கூடிவிடும். சூடேறினால் சுருளின் மின்தடையும் ஏறி, காந்தம் பலமிழக்கும். காலையில் எட்டிய தட்டு மத்தியானம் எட்டாமல் போவது இதனால்தான்.

மருந்து சுலபம். இஞ்சினை நிறுத்தி, நடுப் போல்ட்டைக் கழற்றித் தட்டை எடுத்தால், பல மாடல்களில் உள்ளே மெல்லிய வாஷர்கள் இருக்கும். ஒன்றை உருவிவிட்டு மாட்டி, ஃபீலர் கேஜால் இடைவெளியை அளந்தால் முடிந்தது. வாயுவைத் திறக்கவே வேண்டாம். புதுச் சாமானும் வேண்டாம்.

அதற்கும் முன்னால் ஃபியூஸ், ரிலேயைப் பாருங்கள். பல காடிகளில் ஹாரனுக்கும் ஏர்கோனுக்கும் ஒரே வகை ரிலேதான்; இடம் மாற்றிப் பார்க்க ஒரு நிமிடம் ஆகாது.

வாயு குறைந்தாலும் அழுத்த சுவிட்ச் கிளட்சை நிறுத்திவிடும். உடனே ‘கேஸ் டாப்-அப்’ என்பார்கள். வாயு பெட்ரோல்போல எரிந்து தீர்வதில்லை. குறைந்தால் எங்கோ கசிகிறது. கசிவு வழியே கம்ப்ரெசரின் எண்ணெயும் போகும். கசிவை அடைக்காமல் மாதாமாதம் நிரப்புவதுதான், என்னைக் கேட்டால், இருப்பதிலேயே விலை கூடிய ‘மலிவு’ வைத்தியம்.

கம்ப்ரெசரே உள்ளே இறுகி உடைந்திருந்தால் வாஷர் உதவாது. ஹாஃப்-கட் கடையில் பழைய கம்ப்ரெசர் மலிவாகக் கிடைக்கும். ஆனால் உடைந்ததன் உலோகத்தூள் குழாயெங்கும் பரவியிருக்கும். அதைக் கழுவி, டிரையரை மாற்றி, வேக்குவம் போடாமல் மாட்டினால், வந்ததும் அதே வழியில் போகும்.

கைச்செலவுக்கு இடமில்லையா? ஏர்கோனுக்குத் தனிப் பெல்ட் உள்ள பழைய காடி என்றால் அதைக் கழற்றிவிட்டுக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு ஓட்டலாம். மலைமேலுள்ள கம்போங் ராஜாவை நெருங்கும்போது ஏர்கோன் ஞாபகமே வராது. ஒரே பெல்ட் ஆல்டர்னேட்டரையும் சேர்த்துச் சுற்றும் காடியில் மட்டும் அதில் கை வைக்காதீர்கள்.