சாகசப் படங்களில் சரீரமும் புத்தியும் ஆத்மாவும்

பரங்கிமலையிலிருந்து பூந்தமல்லிக்குப் போகும் சாலையில் உள்ள காட்டுப்பாக்கத்துக்குக் கிழக்கே சில மைல் தொலைவில் எம்.ஜி.ஆர். வாழ்ந்த இராமாவரம் தோட்டமும், மேற்கே பூந்தமல்லியைத் தாண்டிச் செம்பரம்பாக்கம் பக்கத்தில் இ.வி.பி. படப்பிடிப்பு நகரமும் இருக்கின்றன. தமிழ்ச் சாகசப் படத்தின் பெரும் நாயகர் வசித்த இடத்துக்கும் இன்று பிரம்மாண்டமான அரங்குகள் எழும்பும் இடத்துக்கும் நடுவில் அமைந்த இவ்வூரிலிருந்து அப்படங்களின் பாத்திரங்களைப் பற்றி எழுதுவது பொருத்தமே.

ஆபத்து நிறைந்த வழியில் ஒரு கூட்டம் புறப்படும் கதை எந்த தேசத்தில் பிறந்தாலும், அக்கூட்டத்தில் வாளோ கயிறோ எடுத்து முன்னால் பாய்கிறவன் ஒருவனும், நின்று யோசித்து வழி கண்டு சொல்கிறவன் ஒருவனும், எதற்காக இந்தப் பயணம் என்பதைத் தன் விசுவாசத்தால் மற்றவர்களுக்கு உணர்த்துகிறவன் ஒருவனும் இருக்கக் காண்கிறோம். சரீரம், புத்தி, ஆத்மா என்று இவர்களைப் பிரிப்பது வழக்கம். 1977-இல் வந்த ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தில் ஹான் சோலோ, லேயா, லூக் மூவரும் ஏறக்குறைய இப்படி நிற்கிறார்கள். நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. கதாயுதத்தைத் தூக்கிய பீமனும், சாஸ்திரம் அறிந்த சகதேவனும், தர்மத்தை விடாத யுதிஷ்டிரனும் ஒரே வனத்தில் அலைந்தவர்கள். இம்மூன்றும் ஒருவனிடமே குடிகொள்ளக்கூடும் என்பதற்குக் கடல் தாண்டிய அனுமன் சாட்சி.

தமிழ்த் திரை வெகுகாலம் பின்பற்றியது அனுமனின் வழியைத்தான். பி. ஆர். பந்துலு இயக்கி 1965-இல் வெளிவந்த ‘ஆயிரத்தில் ஒருவன்’ இதற்குச் சிறந்த உதாரணம். ரஃபேல் சபாட்டினி 1922-இல் எழுதிய ‘கேப்டன் பிளட்’ நாவலையும், அதிலிருந்து 1935-இல் எடுக்கப்பட்ட எரால் ஃப்ளின் படத்தையும் தழுவிய கதை அது. நாயகன் மணிமாறன் தொழிலால் வைத்தியன். காயம்பட்டவன் கலகக்காரனே ஆனாலும் சிகிச்சை அளிப்பது தன் கடமை என்று நின்ற ஒரே குற்றத்துக்காக அவன் அடிமையாக்கப்பட்டுத் தீவுக்கு அனுப்பப்படுகிறான். ஆக, அவன் கையில் வாள் வருவதற்கு முன்பே அவனுடைய வித்தையும் தர்மமும் நம் கண்முன் வந்துவிடுகின்றன. பிற்பாடு அவன் கடற்கொள்ளையர் கப்பலில் ஏறும்போதும், இவன் கொள்ளைக்காரன் அல்லன் என்ற நிச்சயம் நமக்கு இருப்பதற்கு அதுவே காரணம். நம்பியார் ஏற்ற கொள்ளையர் தலைவனிடமோ வாளும் மிடுக்கும் உண்டு, அவற்றை ஆளும் ஆத்மா இல்லை. இருவரும் மோதும் காட்சிகளின் சுவை வாள்வீச்சில் மட்டும் இல்லை.

இந்த அழகுக்கு ஒரு விலையும் இருந்தது. மூன்று குணங்களையும் நாயகனே எடுத்துக்கொண்டதால் கூட வருகிறவனுக்கு அச்சமும் நகைச்சுவையுமே மிஞ்சின. நாகேஷைப் போன்ற மேதை இருந்ததால் அக்குறை நமக்குத் தெரியாமல் போயிற்று. 1951-இல் வந்த ‘பாதாள பைரவி’யிலோ புத்தியின் பெரும்பகுதி எஸ். வி. ரங்காராவின் மந்திரவாதியிடம் போய்ச் சேர்ந்தது. அறிவாளி என்றால் கோமாளி அல்லது வஞ்சகன் என்ற எண்ணத்துக்கு நம் படங்கள் இவ்விதமாக இடம் கொடுத்துவிட்டன என்பது என் அபிப்பிராயம்.

‘ஆயிரத்தில் ஒருவன்’ என்ற அதே பெயரில் 2010-இல் செல்வராகவன் எடுத்த படம் இந்த மரபை மாற்றியது. காணாமற்போன தந்தையையும் மறைந்த சோழர்களையும் தேடிச் செல்லும் லாவண்யா பழைய எழுத்துகளை வாசித்து வழி காட்டுகிறாள். மூட்டை தூக்க வந்த முத்து வெறும் சரீரம். புதைமணலிலிருந்து தப்புவதற்காக, மண்மேல் விழும் நடராஜரின் நிழலுக்குள்ளேயே அவர்கள் ஓடிக் கடக்கும் காட்சியில் புத்தி கண்ட வழியில் சரீரம் ஓடுகிறது. ஆத்மாவின் அடையாளமாகக் கூத்தன் மேலே நிற்கிறான். தஞ்சையின் தூதுவனாகச் சோழர் கூட்டம் எதிர்பார்த்துக் காத்திருந்தவன், படித்தவர்கள் யாரும் மதிக்காத அந்தக் கூலிக்காரனே என்று கதை திரும்புவதை நம் சாகசப் படங்களின் மிக உயர்ந்த கற்பனையாக நான் மதிக்கிறேன். ஆனால் சோழர்களிடம் போய்ச் சேர்ந்தபின் லாவண்யாவுக்குக் கதையில் இடம் சுருங்கிவிடுகிறது. புத்தி மறுபடியும் ஓரத்துக்குத் தள்ளப்பட்டது.

இவ்விஷயத்தில் கல்கி தெளிவாக இருந்தார். 1950 முதல் 1954 வரை அவர் எழுதிய ‘பொன்னியின் செல்வ’னில் குதிரை ஏறித் திரியும் வந்தியத்தேவனுக்கும், ஒற்றறியும் ஆழ்வார்க்கடியானுக்கும், கைக்கெட்டிய மணிமுடியை விட்டுக்கொடுக்கும் அருள்மொழிவர்மனுக்கும் தனித்தனி மதிப்பு உண்டு. அந்நாவலிலிருந்து மணிரத்னம் எடுத்த இரண்டு படங்களிலும் அந்தப் பகிர்வு பெரும்பாலும் காப்பாற்றப்பட்டிருக்கிறது.

இனி சாகசக் கதை எழுதப் புகும் இளைஞர்கள், நாயகனின் தோளில் எல்லாப் பெருமையையும் ஏற்றாமல், யோசிக்கிற ஓர் ஆணையோ பெண்ணையோ கடைசிக் காட்சி வரைக்கும் மதிப்போடு உடன் அழைத்துச் செல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.