பம்பாய்க்கு வந்த கோர்னெட் கலைஞர்

கோர்னெட் என்பது, பாடசாலைப் பாண்ட் வாத்தியக் குழுக்களில் காணப்படும் டிரம்பெட்டுக்கு நெருங்கிய உறவுடைய பித்தளைக் குழலாகும். டிரம்பெட்டின் குழாய் பெரும்பகுதி ஒரே விட்டத்தில் செல்ல, கோர்னெட்டின் குழாய் படிப்படியாக விரிந்து செல்வதால், அதன் ஒலி கூர்மை குறைந்து கனிவாக ஒலிக்கிறது. அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே பிறந்த ஜாஸ் இசையின் தொடக்க காலத்தில் முதன்மை மெட்டை ஏந்திய இக்கருவி, பெரிய குழுக்கள் நடனத்துக்கென வாசித்த 'சுவிங்' எனும் துள்ளல் நடை 1930களில் பரவியபோது, பெரும்பாலும் டிரம்பெட்டுக்கு இடம் விட்டு ஒதுங்கியது.

இவ்விரு காலங்களையும் வாழ்ந்து கடந்தவர் 1881இல் பிறந்த அமெரிக்கக் கறுப்பினக் கோர்னெட் கலைஞர் கிரிக்கெட் ஸ்மித். கறுப்பினக் குழுக்களுக்கு ஒலிப்பதிவு வாய்ப்பு மிக அரிதாயிருந்த 1913ஆம் ஆண்டிலேயே, ஜேம்ஸ் ரீஸ் யூரோப் என்பவரின் குழு விக்டர் இசைத்தட்டு நிறுவனத்துக்காகப் பதிவு செய்த இசைத்தட்டுகளில் கோர்னெட் வாசித்த அவர், முதலாம் உலகப் போருக்குப் பின் பாரிஸ் சென்று லூயி மிட்செலின் 'ஜாஸ் கிங்ஸ்' குழுவில் இணைந்தார். 1936இல் பம்பாய் தாஜ்மகால் ஹோட்டலில் தமது சொந்தக் குழுவை நடத்திய அவர், மெனா சைலஸ் இயற்றிய 'தாஜ் மஹால்' எனும் நடன மெட்டை அந்நகரிலேயே இசைத்தட்டாகப் பதிவு செய்தார். அக்குழுவில் பியானோ வாசித்த டெடி வெதர்ஃபோர்ட் பின்னர் கல்கத்தாவில் புகழ்பெற்று, 1945இல் வாந்திபேதி கண்டு அங்கேயே மறைந்தார். அமெரிக்க ஜாஸ் வரலாறுகள் ஸ்மித்துக்குச் சில வரிகளையே ஒதுக்குவது நியாயமன்று. ஏனெனில் இத்தகைய கலைஞர்களின் வருகையே இந்தியத் துணைக்கண்டத்தின் வாத்தியக்காரர்களுக்குச் சுவிங் இசையை நேரில் கேட்டுப் பயிலும் வாய்ப்பைத் தந்தது.

அவ்வாய்ப்பை முழுமையாகப் பயன்படுத்தியோர், போர்த்துக்கேயர் ஆட்சியில் தேவாலயப் பாடசாலைகளில் மேலைத்தேய இசைக்குறியீட்டைக் கற்றிருந்த கோவாக் கிறிஸ்தவர்களே. கோவாவின் அல்டோனா எனும் ஊரில் 1916இல் பிறந்த டிரம்பெட் கலைஞர் சிக் சாக்லேட், பம்பாய் ஹோட்டல்களில் இரவில் சுவிங் வாசித்ததோடு, இசையமைப்பாளர் சி. ராமச்சந்திராவின் உதவியாளராகவும் பணியாற்றி, 1951இல் வெளிவந்த 'அல்பேலா' முதலிய ஹிந்திப் படங்களின் பாடல்களில் அந்த இசையைக் கலந்தார். 1952இல் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களை ஒதுக்கியபோது, அவற்றைக் கடல் கடந்து ஒலிக்கச் செய்தது கொழும்பிலிருந்த இலங்கை வானொலியே. அதன் அலைவரிசையில் இலங்கையின் கிழக்கே அக்கரைப்பற்று, கல்முனைப் பகுதிகளில் ஹிந்திப் பாடல்களை விரும்பிக் கேட்டோர், கிரிக்கெட் ஸ்மித் தலைமுறை விதைத்த பித்தளை நாதத்தையே, பெயர் அறியாமல், கேட்டு மகிழ்ந்தனர்.